சுரங்கம் மூடினாலும் கூடத்தை மூடாதீர்கள்!

உங்கள் ஊர் சமுதாயக் கூடம் வருஷத்தில் எத்தனை நாள் திறந்திருக்கிறது? கல்யாணம், காதுகுத்து, தேர்தல்... மற்ற நாளெல்லாம் பூட்டுதானே? அந்தப் பூட்டுக்கும் உங்கள் வீட்டுப் பெரியவரின் மூச்சிரைப்புக்கும் சம்பந்தம் உண்டு என்றால் நம்புவீர்களா?

எங்கள் ஆயக்குடிக்குப் பெருமை கொய்யா, சுரங்கம் அல்ல. ஆனால் இந்த விஷயத்தில் நமக்கு வழிகாட்டிகள் சுரங்கத் தொழிலாளிகள்தான்.

சம்பளத்தில் எழுந்த கூடம்

பிரிட்டனில் வேல்ஸ் என்றொரு பகுதி. ஒரு காலத்தில் அங்கே நிலக்கரிதான் பிழைப்பு. தொழிலாளிகள் தங்கள் சம்பளத்தில் சில்லறை சில்லறையாகச் சேர்த்து, ஊருக்கு ஊர் கூடம் கட்டினார்கள். நூலகம், பாட்டு, நாடகம் எல்லாம் அதற்குள்ளேயே! 1920-ல் வந்த சட்டம், வெட்டியெடுக்கும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் ஒரு பென்னி வீதம் தொழிலாளர் நலநிதிக்குத் தரச் சொன்னது.

ட்ரெடிகர் என்ற ஊரில் இந்தக் கூட்டுப் பழக்கம் வைத்தியம் வரை போயிற்று. சந்தா கட்டி, தொழிலாளிகளே டாக்டர்களை அமர்த்திக்கொண்டார்கள். 13 வயதில் சுரங்க வேலைக்குப் போய், அந்த ஊர்த் தொழிலாளர் நூலகத்தில் படித்து வளர்ந்த அனைரின் பெவன், பின்னாளில் சுகாதார மந்திரியானார். 1948 ஜூலை 5-ல் நாடு முழுவதற்கும் இலவச மருத்துவத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார்.

பிறகு சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆனால் பிளாக்வுட் ஊரில் 1925-ல் கட்டிய கூடம், கலை அரங்கமாக ஊரைக் கூட்டி வைத்திருக்கிறது.

தங்கவயல் சொல்லும் பாடம்

நம்மவர்கள் வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து போய் உழைத்த கோலார் தங்கச் சுரங்கம், 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. வேலை போயிற்று, நுரையீரலில் படிந்த கல்தூள் போகவில்லை! சிலிகோசிஸ் என்ற இந்த நோய், வேலையை விட்டுப் பல வருஷம் கழித்தும் தலைகாட்டும். காசநோயையும் எளிதில் வரவழைக்கும்.

வீட்டில் என்ன சொல்வோம்? "வயசாச்சு, சளிதானே!" பத்துப் பேர் கூடும் இடத்திலோ, "என்னப்பா, போன மாசம் நல்லா நடந்தே, இப்ப நாலு எட்டுக்கே உக்காந்துட்டே?" என்று ஒருத்தர் கேட்பார். அந்தக் கேள்விதான் முதல் பரிசோதனை. வேலை போன ஊருக்குக் கூடம் அதிகம் தேவைப்படுவது இதனால்தான்.

நீங்கள் செய்யக்கூடியவை

கல்குவாரி, கிரஷர், கல் உடைக்கும் வேலை பார்த்தவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா?

* இருமல் இரண்டு வாரம் நீடித்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுங்கள். பார்த்த வேலையை டாக்டரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

* பீடி, சிகரெட் அறவே கூடாது.

* மூக்கால் மூச்சை இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதி வெளியே விடுங்கள். இரைப்பு தணியும்.

சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்: ஆடாதோடையும் தூதுவளையும் சளியை இளக்கும், கல்தூளைக் கரைக்காது. எந்த மருத்துவத்திலும் அதைக் கரைக்க மருந்தில்லை. ஆனால் நாலு பேரோடு சேர்ந்து நடப்பதும், மூச்சுப் பயிற்சி செய்வதும் திணறலைக் குறைக்கும்.

அதற்கு ஓர் இடம் வேண்டாமா? சாயங்காலம் இரண்டு மணி நேரம் கூடத்தைத் திறந்து வைக்கும்படி உங்கள் ஊராட்சியில் கேளுங்கள். சாவி அங்கேதான் இருக்கிறது!