ஜிப்சம் சுவர் எழுப்புகிறீர்களா? முதலில் கணக்கு போடுங்கள்!

பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். படிக்கத் தனி இடம் வேண்டும். வரவேற்பறையின் ஒரு பகுதியைத் தடுத்து அறையாக்கலாம் என்று முடிவு செய்து, இரு குத்தகையாளர்களிடம் விலை கேட்கிறீர்கள். ஒருவர் சதுர அடிக்கு 10 வெள்ளி என்கிறார். மற்றவர் 6 வெள்ளி என்கிறார். யாரிடம் வேலையைக் கொடுப்பீர்கள்?

இந்த எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. சந்தை விலை அல்ல. ஆனால், இப்படி ஒரு கேள்வி பல வீடுகளில் எழுகிறது. விடையைச் சொல்லும் முன், அந்தச் சுவர் எதனால் ஆனது என்று பார்ப்போம்.

பலகைக்குள் ஒளிந்திருக்கும் நீர்

புதுப்பிப்புப் பணிகளில் அறையைத் தடுக்க இப்போது அதிகம் பயன்படுவது ஜிப்சம் பலகை. மெல்லிய இரும்புச் சட்டங்களை நிறுத்தி, இரு பக்கமும் பலகையைத் திருகாணியால் பொருத்துவார்கள். ஜிப்சம் ஒரு கனிமம். அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீர். அந்த நீர் படிகத்துக்குள் பிணைந்திருப்பதால் பலகை தொட்டால் உலர்ந்தே இருக்கும். தீப்பிடித்தால் அந்த நீர் ஆவியாக வெளியேறி வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். நீர் முழுவதும் தீரும்வரை சுவரின் மறுபக்கம் அதிகம் சூடேறாது.

எடையும் குறைவு. 4 மீட்டர் நீளமும் 2.6 மீட்டர் உயரமும் உள்ள செங்கல் சுவர், பூச்சுடன் சேர்த்து 2 டன்னைத் தாண்டும். அதே அளவு ஜிப்சம் சுவர் ஏறத்தாழ கால் டன்தான். அடுக்குமாடி வீட்டின் தளத்துக்கு இது பெரிய வேறுபாடு.

எத்தனை பலகை வேண்டும்?

அந்த 4 மீட்டர் சுவரையே எடுத்துக்கொள்வோம். வீவக வீடுகள் பலவற்றில் கூரை ஏறத்தாழ 2.6 மீட்டர் உயரத்தில் இருக்கும். ஒரு பக்கத்தின் பரப்பு 10.4 சதுர மீட்டர். இரு பக்கமும் சேர்த்து 20.8.

வழக்கமான பலகை 1.2 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம். அதன் பரப்பு 2.88 சதுர மீட்டர். வகுத்தால் 7.2 வருகிறது. கடையில் 0.2 பலகை தரமாட்டார்கள், ஆகவே 8.

பரப்பு மட்டும் போதாது, பலகை பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு மூன்று முழுப் பலகைகள் 3.6 மீட்டரை மூடும். மீதி 40 செண்டிமீட்டருக்கு நான்காவது பலகையை வெட்ட வேண்டும். உயரத்திலும் 20 செண்டிமீட்டர் குறைகிறது. நான்காவது பலகையில் மிஞ்சும் துண்டை நீளவாக்கில் கீற்றுகளாக வெட்டி அந்த இடத்தை அடைக்கலாம். ஆக, பக்கத்துக்கு 4, மொத்தம் 8. சுவரின் பரப்பைவிட ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுதலாக வாங்குகிறோம். கொட்டேஷனில் “விரயம்” என்று அந்த அளவு சேர்த்திருந்தால் அதை ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம்.

கதவு வரும் இடத்தைக் கழிக்கலாமே என்று தோன்றும். அங்கே வெட்டி எடுக்கும் துண்டு பெரும்பாலும் வேறு எங்கும் பொருந்தாது. கதவைச் சுற்றிக் கூடுதல் சட்டமும் வேண்டும். அதனால் பலர் கதவைக் கழிப்பதில்லை. சட்டங்களை 60 செண்டிமீட்டருக்கு ஒன்றாக நிறுத்தினால், இந்தச் சுவருக்கு 8. கதவுக்கு இன்னும் 2.

வேலை மூட்டுகளில்தான்

பலகையைப் பொருத்துவது விரைவாக முடிந்துவிடும். நேரம் பிடிப்பது மூட்டுகளை மறைக்கும் வேலை. ஒவ்வொரு மூட்டிலும் நாடா ஒட்டி, பூச்சு பூசி, காயவைத்து, மறுபடி பூசி, தேய்க்க வேண்டும். வழக்கமாக மூன்று முறை. நம் ஊரில் ஆண்டு சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல் என்பதால் பூச்சு மெதுவாகத்தான் காயும். அவசரப்பட்டுச் சாயம் அடித்தால் மூட்டுகள் பின்னர் கோடுகளாகத் தெரியலாம். மூலைகளும் வளைவுகளும் கூடக்கூட, பரப்பு மாறாவிட்டாலும் கூலி ஏறும்.

மலிவில் விட்டுப்போவது

படிக்கும் அறைக்கு அமைதி தேவை. சில சுவர்கள் பொய்க்கூரையோடு நின்றுவிடும்; அதற்கு மேலுள்ள இடைவெளி வழியே தொலைக்காட்சிச் சத்தம் தாண்டி வரும். நம் 4 மீட்டர் சுவரின் உச்சியில் 1 செண்டிமீட்டர் இடைவெளி விட்டால்கூட, எவ்வளவு நல்ல பலகை போட்டாலும் ஏறத்தாழ 24 டெசிபெலுக்கு மேல் சத்தம் குறையாது. சுவரை மேல்தளம் வரை எழுப்பி, இடுக்குகளை அடைத்து, உள்ளே கனிமப் பஞ்சு வைத்தால் பலன் தெரியும். இவை கொட்டேஷனில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

படிகத்துக்குள் இருக்கும் நீர் நண்பன் என்றால், வெளியிலிருந்து வரும் நீர் எதிரி. நனைந்தால் ஜிப்சம் மிருதுவாகும். மேலுள்ள காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும். ஈரம் உள்ள இடத்தில் ஈரம் தாங்கும் வகைப் பலகையையும், தண்ணீர் நேரடியாகப் படும் குளியலறையில் சிமெண்ட் நார்ப் பலகையையும் கேளுங்கள். விலை கூடும், ஆனால் சுவரை இரண்டாம் முறை கட்ட வேண்டியிராது.

இனி, விடை

நம் சுவரின் ஒரு பக்கம் 112 சதுர அடி. 10 வெள்ளி கேட்டவர் இரு பக்கப் பலகைகளையும் சேர்த்து ஒரே சுவராக அளந்தால் 1,120 வெள்ளி. 6 வெள்ளி கேட்டவர் ஒவ்வொரு பக்கத்தையும் தனியாக அளந்தால் 224 சதுர அடி, 1,344 வெள்ளி. மலிவாகத் தெரிந்தவர் 224 வெள்ளி கூடுதலாகக் கேட்கிறார்!

ஆகவே, கையெழுத்திடும் முன் இவற்றைக் கேளுங்கள். அளவு ஒரு பக்கத்துக்கா, இரு பக்கத்துக்குமா? பலகையின் தடிப்பும் வகையும் என்ன? சுவர் எதுவரை உயரும்? மூட்டுப் பூச்சு, சாயம், மின்செருகி, குப்பை அகற்றுதல், 9 விழுக்காடு பொருள் சேவை வரி ஆகியவை சேர்ந்துள்ளனவா? கனமான அலமாரி மாட்டப்போகும் இடத்தையும் இப்போதே சொல்லுங்கள். சுவரை மூடும் முன் அங்கே உள்ளே தாங்குபலகை வைக்க வேண்டும். வீவக வீடென்றால், குத்தகையாளர் அதன் பட்டியலில் இருக்கிறாரா என்றும் வேலைக்கு அனுமதி தேவையா என்றும் நீங்களே சரிபாருங்கள்.

ஓர் அளவு நாடா, ஒரு தாள், பத்து நிமிடம் போதும். பலகைக் கணக்கை நீங்களே போட்டு வைத்திருந்தால், குத்தகையாளரிடம் என்ன கேட்பது என்ற தயக்கம் இருக்காது.