ஓங்கி வளரும் நாற்றை நம்பாதீர்கள்



நாற்றங்காலில் சில நாற்றுகள் மட்டும் மற்றவற்றைவிட ஓங்கி, வெளிறி, ஒல்லியாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். "நல்லா வாளிப்பா வருதே" என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். அது வியாதி கண்ட நாற்று. ஏன் அப்படி வளருது என்று இன்றைக்குப் பார்ப்போம்.

பயிரின் உடம்பு, கண்ணுக்குத் தெரியாத செல்களால் ஆனது. செல்லுக்குள்ளே வேலை பார்ப்பவை புரதங்கள். அதில் ஒரு புரதம், பயிர் மளமளவென்று நீண்டுவிடாமல் பிடித்து வைக்கிறது. காளைக்கு மூக்கணாங்கயிறு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைத் தடைப் புரதம் என்போம்.

பயிர் நீள வேண்டிய சமயத்தில் ஜிப்ரெல்லின் என்ற வளர்ச்சி ஊக்கி சுரக்கும். உடனே தடைப் புரதத்தின்மேல் யுபிகுயிட்டின் என்ற சின்னஞ்சிறு புரதங்களைச் செல் சங்கிலிபோல ஒட்டிவிடும். சந்தையில் விலை முடிந்த ஆட்டுக்குச் சாயம் வைக்கிறோமே, அப்படி ஓர் அடையாளம். அடையாளம் விழுந்த புரதத்தை, பீப்பாய் போன்ற புரோட்டியசோம் உள்ளே இழுத்துத் துண்டு துண்டாக்கிவிடும். யுபிகுயிட்டின் மட்டும் கழன்று வந்து மறுபடி உதவும். தடை போனதும் பயிர் நீளும்.

இந்த அடையாள முறையைக் கண்டறிந்த சிகனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் ஆகிய மூவருக்கும் 2004-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-இல் வெளியிட்ட ஐ.ஆர்.8 குட்டை ரகம். அதில் ஜிப்ரெல்லின் குறைவாகச் சுரக்கும். தடைப் புரதம் அழியாமல் நிற்கும். அதனால்தான் தழைச்சத்து கொடுத்தாலும் சாயாமல் கதிரைத் தாங்கியது.

வியாதி நாற்றில் நடப்பது நேர்மாறு. பயிருக்குள் புகுந்த பூஞ்சாணமே ஜிப்ரெல்லினைச் சுரந்துவிடுகிறது. பூஞ்சாணத்தின் சுரப்புதான் காரணம் என்று ஜப்பானிய விஞ்ஞானி குரோசாவா 1926-இல் காட்டினார். பயிர் ஏமாந்து, தன் தடைப் புரதத்தை அழித்துக்கொண்டே போகும். நாற்று நீண்டு செத்துப்போகும். தப்பிப் பிழைத்தாலும் பெரும்பாலும் பதர்தான்.

இந்த நோய் விதை மூலம் வரும். ஆகவே நோய் கண்ட வயலில் விதைக்கு நெல் எடுக்காதீங்க. விதையை உப்புக் கரைசலில் போட்டு, மிதப்பதை நீக்கி, மூழ்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசுங்கள். உங்கள் பகுதி வேளாண் அலுவலரைக் கேட்டு விதை நேர்த்தி செய்யுங்கள். ஓங்கிய நாற்றைப் பிடுங்கி எரித்துவிடுங்கள். நடவு முடியில் ஒன்றுகூடச் சேரக் கூடாது.