23 ரூபாயில் மூன்று வேளை, 300 ரூபாய்க்கு ஒரு கட்டி வெண்ணெய்: வட சென்னை பேஸ்ட்ரி மாணவரின் சாப்பாட்டுக் கணக்கு

ஒரு கிலோ மைதாவில் குரோசான் போட்டுப் பழக அரை கிலோ வெண்ணெய் வேண்டும். அந்தக் கட்டியின் விலை 300 ரூபாயை ஒட்டி. அம்மா உணவகத்தில் காலை, மதியம், இரவு என மூன்று வேளையும் சாப்பிட ஆகிற செலவு 23 ரூபாய். அதாவது, ஒரு கட்டி வெண்ணெய் என்பது 13 நாள் சாப்பாடு. வகுப்பில் என்றால் வெண்ணெய் கல்லூரி கணக்கு. வீட்டில் பழக வேண்டுமென்றால் சொந்தக் காசு. எங்கே மிச்சம் பிடிப்பது? சாப்பாட்டில்தான்.

பேஸ்ட்ரி படிப்பு என்றதும் லட்சங்களில் ஃபீஸ் வாங்கும் தனியார் அகாடமிகள்தான் பலருக்கு நினைவுக்கு வரும். தரமணியில் மத்திய அரசின் ஹோட்டல் மேனேஜ்மென்ட் கல்வி நிறுவனம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு உணவுத் தயாரிப்பும் பேட்டிசெரியும் சேர்த்துக் கற்றுத்தரும் ஒன்றரை ஆண்டுப் படிப்பு அங்கே உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியின இளைஞர்களுக்கு அதன் செலவைத் தாட்கோ ஏற்கும் திட்டமும் இருக்கிறது. ஆக, ஃபீஸுக்கு ஒரு வழி கிடைத்துவிடுகிறது. மிச்சமிருப்பது வயிறு. திருவொற்றியூரில் வீடு, தரமணியில் வகுப்பு என்று இருக்கும் ஒரு மாணவர் கையில் நாளைக்கு 100 ரூபாய் இருந்தால் என்ன சாப்பிடலாம்?

23 ரூபாய் எப்படி?

2013 பிப்ரவரியில் ஜெயலலிதா ஆட்சியில் அம்மா உணவகம் தொடங்கியபோது வைத்த விலைதான் இன்றும். இட்லி 1 ரூபாய், பொங்கல் 5, சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3, பருப்புக் கடைசலோடு இரண்டு சப்பாத்தி 3. காலையில் நாலு இட்லி, ஒரு பொங்கல்: 9 ரூபாய். மதியம் சாம்பார் சாதமும் தயிர் சாதமும்: 8. ராத்திரி நாலு சப்பாத்தி: 6. முடிந்தது. ஆட்சி மாறினால் மூடிவிடுவார்கள் என்று பேச்சு இருந்தது. மூடவில்லை. 2024 ஜூலையில் பாத்திரம் மாற்றவும் கட்டிடங்களைச் சரிசெய்யவும் 21 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அரசு அறிவித்தது.

காலை 7 மணிக்குத் திறப்பதால், சாப்பிட்டுவிட்டே ரயிலைப் பிடிக்கலாம். ராத்திரி லேட்டாகப் போனால் சப்பாத்தி தீர்ந்திருக்கும், அது தனி சோகம். ஆனால் உண்மையான பிரச்சினை வேறு. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு சுமார் 50 கிராம் புரதம் தேவை என்பது ஐசிஎம்ஆர் கணக்கு. ஒரு இட்லியில் இருப்பது 2 கிராம் அளவுதான். 23 ரூபாய் மெனு வயிற்றை நிரப்பும், புரதத்தில் இடிக்கும். நாள் முழுக்க நின்றுகொண்டே மாவு பிசைகிற படிப்பில் இது சீக்கிரமே உடம்பில் தெரியும். எனவே மிச்சமிருக்கும் 77 ரூபாயை எங்கே செலவழிக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பீச் ஸ்டேஷனில் இறங்கினால் பர்மா

திருவொற்றியூரிலிருந்து புறநகர் ரயில். வழியில் ராயபுரம், 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ஸ்டேஷன். அதற்கடுத்து பீச்சில் இறங்கி, தரமணிக்குப் பறக்கும் ரயில் மாற வேண்டும். (2023 ஆகஸ்ட் முதல் 14 மாதம் பீச், சிந்தாதிரிப்பேட்டை இடையே பறக்கும் ரயில் ஓடவில்லை. அந்தக் காலத்தில் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.) சாயங்காலம் திரும்பும்போது இதே பீச் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் பர்மா பஜார். பின்னாலேயே செகண்ட் லைன் பீச் ரோட்டில் அத்தோ கடைகள்.

1962-ல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த சில ஆண்டுகளில் கடை, தொழில் எல்லாம் அரசுடைமையாக, தலைமுறைகளாக அங்கே இருந்த தமிழர்கள் கப்பலேறி சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். 1969-ல் அவர்களுக்காக உருவானதுதான் பர்மா பஜார். எர்ணாவூர் பக்கம் இன்றும் பர்மா நகர் என்றே ஒரு பகுதி இருக்கிறது. கொண்டுவந்த சொத்து பெரிதாக ஒன்றுமில்லை. நாக்கு ருசி மட்டும் கூடவே வந்தது.

அத்தோ என்றால் பர்மிய மொழியில் கையால் பிசைந்தது, கலந்தது என்று வரும். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், நறுக்கிய முட்டைகோஸ், பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், புளித்தண்ணி, பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள். எல்லாவற்றையும் கிண்ணத்தில் போட்டுக் கையாலேயே பிசைந்து, கடைசியில் பேஜோவை நொறுக்கிப் போடுவார்கள். அந்தக் கடைசி என்பது முக்கியம். முதலிலேயே போட்டால் புளித்தண்ணியில் ஊறி நமத்துவிடும். கேக் வகுப்பில் மூஸுக்கு நடுவே மொறுமொறு அடுக்கு வைக்கும்போது, ஈரம் ஏறாமலிருக்க அதன்மேல் சாக்லேட் பூசச் சொல்வார்கள். காரணம் ஒன்றுதான். வகுப்பில் அதைப் புரியவைக்க ஒரு மணி நேரம் ஆகும், இங்கே ஒரு பிளேட்டில் புரிந்துவிடும்.

பட்ஜெட்காரர்களுக்கு இந்தக் கடைகளில் கவனிக்க வேண்டிய ஐட்டம் அத்தோ இல்லை, முட்டை. அவித்த முட்டையைக் கீறி உள்ளே பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளி, காரம் வைத்துத் தருகிறார்கள். ஒன்றுக்கு 6 கிராம் புரதம். இரண்டு முட்டையும், கூடவே வரும் வாழைத்தண்டு சூப்பும் போதும். “அண்ணா, இன்னும் கொஞ்சம் சூப்பு” என்று கேட்டால் பெரும்பாலான கடைகளில் முகம் சுளிக்காமல் ஊற்றுவார்கள்.

பரோட்டா மாஸ்டரும் குரோசானும்

வட சென்னையில் சாப்பாடு மலிவாக இருப்பதற்குக் காரணம் துறைமுகமும் தொழிற்சாலைகளும். மூட்டை தூக்குகிறவர், லாரி ஓட்டுகிறவர், ஷிஃப்ட் முடித்து வருகிறவர் என எல்லோருக்கும் வயிறு நிறைய வேண்டும், சீக்கிரம் வேண்டும், தினக்கூலிக்குக் கட்டுப்படியாக வேண்டும். ராத்திரி பரோட்டா கல் இங்கே ஓயாததும் அதனால்தான்.

அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பது ஒரு பேஸ்ட்ரி மாணவருக்கு இலவச வகுப்பு. மாவைப் பிசைந்து எண்ணெயில் ஊறவைக்கிறார் மாஸ்டர், க்ளூட்டன் தளர்கிறது. காகிதம்போல வீசி விரித்து, மடித்துச் சுருட்டி, மறுபடி ஓய்வு கொடுக்கிறார். மாவுக்கும் மாவுக்கும் நடுவே கொழுப்பு, அதுதான் அடுக்கு. குரோசானிலும் அதே தத்துவம். மூன்று முறை மும்மடிப்பாக மடித்தால் 27 வெண்ணெய் அடுக்கு. பஃப் பேஸ்ட்ரியில் ஆறு முறை மடித்தால் 729.

வித்தியாசம் கொழுப்பில் இருக்கிறது. பரோட்டா எண்ணெயில் நடக்கிறது, வெயிலுக்குப் பயப்பட வேண்டியதில்லை. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். மே மாதம் ஏசி இல்லாத ராயபுரம் வீட்டில் அது மாவுக்குள் கரைந்துபோய், அடுக்கு இல்லாத எண்ணெய் பன்தான் மிஞ்சும். 300 ரூபாய் போச்சு! தெருமுனை பேக்கரியின் முட்டை பப்ஸ் உருகுநிலை அதிகமான மார்ஜரினில் தயாராவதும் இதனால்தான். சாப்பிட்டபின் மேலண்ணத்தில் ஒட்டுகிற அந்தப் பிசுபிசுப்பு, வாய்ச்சூட்டில் உருகாத கொழுப்பு. அதைக் கேவலமாகப் பேசுவது சுலபம். இந்த ஊர் வெயிலுக்கும் விலைக்கும் வேறு வழி சொல்வது கஷ்டம். வீட்டில் பழகுகிறவர்கள் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மடிப்பதுதான் நடைமுறை.

டீக்கடை பன்னுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. வரித் தொல்லை மட்டும் ஒரு காலத்தில் இருந்தது. பன்னுக்கு ஜிஎஸ்டி கிடையாது, உள்ளே க்ரீம் வைத்தால் 18 சதவீதம் என்று 2024 செப்டம்பரில் கோவை அன்னபூர்ணா சீனிவாசன் நிதியமைச்சரிடம் கேட்டது நாடு முழுக்கப் பரவியது. 2025 செப்டம்பர் 22 முதல் கேக், பேஸ்ட்ரிக்கான வரி 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.

புளிப்பு விஷயத்தில் ஊர்ச் சாப்பாடு இன்னும் ஒரு படி மேலே. இட்லி மாவில் யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. உளுந்திலும் அரிசியிலும் இருக்கும் லாக்டிக் பாக்டீரியாக்களே வாயுவை உண்டாக்கி மாவைப் பொங்க வைக்கின்றன. டிசம்பரில் பொங்க நேரமாகும், மே மாதத்தில் மதியத்துக்குள் புளித்துவிடும். பிரெஞ்சுக்காரர்கள் லெவான் என்று போற்றும் புளித்த மாவிலும் ஏறக்குறைய இதே வேலைதான் நடக்கிறது, கூடவே மாவிலேயே இருக்கும் ஈஸ்ட்டும் சேரும். 2023-ல் பாரிஸின் சிறந்த பகெத் போட்டியில் வென்று, ஒரு வருடத்துக்கு அதிபர் மாளிகைக்கு ரொட்டி அனுப்பும் உரிமையைப் பெற்றவர் இலங்கையிலிருந்து போன தர்ஷன் செல்வராஜா. அவர் கடைப் பெயரிலேயே லெவான் இருக்கிறது.

கூறு எவ்வளவு?

புரதத்துக்கு முட்டையைவிட நல்ல வழி காசிமேடு. பெரிய வஞ்சிரம், வவ்வால் பக்கம் போகாமல், மத்தி, நெத்திலி, காரப்பொடி விற்கும் பெண்களிடம் போக வேண்டும். எடை போடாமல் கூறு கட்டி வைத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டமும் விலையும் அதிகம், வார நாளில் பேரம் படியும். 100 கிராம் மத்தியில் சுமார் 20 கிராம் புரதம். ஒரு கூறு வாங்கி வீட்டில் குழம்பு வைத்தால் இரண்டு நாள் ஓடும்.

எண்ணூர் பக்கம் இருப்பவர்களுக்கு இது முன்பு இன்னும் சுலபம். முகத்துவாரத்திலேயே இறாலும் மீனும் கிடைத்தன. அனல்மின் நிலையச் சாம்பல் ஒருபக்கம் சேர, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய்க் கழிவு கொசஸ்தலையாற்றில் படர்ந்தது. பிடிப்பவர்களுக்குப் பிழைப்பு போனது. வாங்குகிறவர்களுக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைத்த மலிவான மீன் போனது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், கூறு விலை ஏறும். அந்த இரண்டு மாதத்துக்குக் கேப்பங்கூழும் கருவாடும்தான் கை கொடுக்கும். ஒரு சொம்பு கூழ், தொட்டுக்கொள்ள வறுத்த கருவாட்டுத் துண்டு, பச்சை வெங்காயம் என்று ரோட்டோர வண்டியில் மதியம் முடிந்துவிடும். ஜூன் 14 நள்ளிரவு தாண்டியதும் காசிமேட்டிலிருந்து படகுகள் கிளம்பும். அவை திரும்பி வந்த பிறகுதான் கூறு விலை இறங்க ஆரம்பிக்கும்.