முன்சக்கரத்துக்கு அகன்ற டயர் போடலாமா?



தோட்டத்து வீடுகளிலும், தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த வீடுகளிலும் அடிக்கடி எழும் ஒரு விவாதத்தை இன்றைய பேச்சுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். மகன் வேலைக்குப் போகத் தொடங்கியதும் மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்குகிறான். சில மாதங்கள் போகின்றன. "முன்சக்கரம் ஒல்லியாக இருக்கிறது; அகலமான டயர் போட்டால் பார்க்கவும் நன்றாக இருக்கும், வழுக்கவும் வழுக்காது" என்கிறான். "ஓடுகிற டயரை ஏன் கழற்ற வேண்டும்?" என்று தாயார் கேட்கிறார். "அகல டயர் எல்லாம் பின்சக்கரத்துக்குத்தான்" என்று தகப்பனார் முடித்துவிடுகிறார். மூவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எவ்வளவு என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

இது வெறும் அழகுப் பேச்சு அன்று. மலேசியச் சாலைகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். பின்சக்கரம் சற்று வழுக்கினால் ஓட்டுபவர் சமாளித்துக்கொள்ள ஓரளவு இடமுண்டு. முன்சக்கரம் வழுக்கிவிட்டால் கண் இமைப்பதற்குள் வண்டி படுத்துவிடும். பிரேக் பிடிக்கும்போது பாரத்தின் பெரும்பகுதி முன்னால் சாய்கிறது. வண்டியைத் திருப்புவதும் அந்தச் சக்கரம்தான். ஆகவே மாற்றுவதானால் தெரிந்துதான் மாற்ற வேண்டும்.

டயர் மண்ணைத் தொடும் இடம் எவ்வளவு என்று முதலில் ஒரு கணக்குப் போடுவோம். சாதாரணக் கப்சாய் ஒன்றும் அதை ஓட்டுபவரும் சேர்ந்து ஏறத்தாழ 165 கிலோ இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 65 கிலோவை முன்சக்கரம் தாங்குகிறது. டயருக்குள் இருக்கும் காற்று, சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் இரண்டு கிலோ வீதம் அழுத்துகிறது. அறுபத்தைந்தை இரண்டால் வகுத்தால் ஏறத்தாழ 32 சதுர சென்டிமீட்டர் வருகிறது. மூன்று விரல்களைச் சேர்த்துத் தரையில் வைத்தால் அவ்வளவு இடம்தான். அந்த மூன்று விரல் இடத்தை நம்பித்தான் நாம் பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிறோம்.

இப்போது அகன்ற டயரைப் போட்டால் அந்த இடம் பெருகுமா? பாரமும் மாறவில்லை, காற்றும் மாறவில்லை என்றால், பெரிதாகப் பெருகாது. முன்பு நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருந்த தடம், இப்போது குறுகியும் அகன்றும் இருக்கும், அவ்வளவே. "அகலம் இரட்டிப்பானால் பிடிப்பும் இரட்டிப்பாகும்" என்று பட்டறையில் யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு சும்மா இருங்கள். டயரின் பிடிப்பு பெரும்பாலும் அதன் ரப்பர்க் கலவையையும், அதன் வயதையும், காற்றையும் பொறுத்தது. அகலத்தின் பங்கு அதற்குப் பிறகுதான்.

ரப்பர் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மலாயாவில் ரப்பரை வியாபாரப் பயிராக முதன்முதலில் நட்டது நம் மலாக்காவில்தான். 1896-ஆம் ஆண்டில் தான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். பிறகு புக்கிட் ஆசகானில் பெரிய அளவில் நட்டார். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 1888-இல், டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்திருந்தார். நம் பாட்டன் பாட்டிமார் விடியலில் வெட்டிய பால் எங்கே போயிற்று என்று கேட்டால், பெரும் பகுதி டயருக்குத்தான் போயிற்று. இன்று ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. டயரிலும் செயற்கை ரப்பரும் கரித்தூளும் பெருமளவில் கலந்திருக்கின்றன. ஆனாலும் பால்மரத்து ரப்பர் இல்லாமல் நல்ல டயர் இல்லை.

பேச்சுக்கு வருவோம். டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பழைய முறையில் 2.25-17 என்றிருக்கும். டயரின் அகலம் இரண்டே கால் அங்குலம், அதாவது 57 மில்லிமீட்டர். உட்காரும் ரிம்மின் குறுக்களவு 17 அங்குலம். ஹோண்டா நிறுவனம் 1958-இல் ஜப்பானில் வெளியிட்ட முதல் கப் வண்டியிலேயே இந்த அளவுதான். நம் ஊரில் எங்கும் ஓடும் இ.எக்ஸ்.5 வண்டியிலும் முன்னால் இதே 2.25-17, பின்னால் 2.50-17. புதிய முறையில் 70/90-17 என்று எழுதுகிறார்கள். அகலம் 70 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அந்த எழுபதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு, அதாவது 63 மில்லிமீட்டர். ரிம் 17 அங்குலம். அதை அடுத்து 38பி என்பது போல ஓர் எண்ணும் எழுத்தும் வரும். எண், தாங்கும் பாரத்தைக் குறிக்கிறது. 38 என்றால் 132 கிலோ, 33 என்றால் 115 கிலோ. எழுத்து, தாங்கும் வேகம். எல் என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர், பி என்றால் 150. புதிய டயரில் இந்த இரண்டும் பழையதைவிடக் குறையக் கூடாது.

2.25 இருந்த முன்சக்கரத்தில் 2.50 அல்லது 70/90 போடுவது ஒரு படி ஏற்றம். ரிம் இடம் கொடுத்தால் இதில் தவறில்லை. பலர் போட்டு ஓட்டுகிறார்கள். செம்மண் பாதையில் பால் வாளியோடு போகிறவர்களுக்குக் குழியிலும் கல்லிலும் ரிம் அடிபடுவது குறையும். கடலோரம் மஸ்ஜித் தானா பக்கம் மணலில் போகிறவர்களுக்குச் சக்கரம் புதைவதும் சற்றுக் குறையும். சங்கடம் இரண்டாவது படியில், அதாவது 80/90-இல், தொடங்குகிறது.

ஏன் என்றால், டயர் தனியாக நிற்பதில்லை, ரிம்மில் உட்காருகிறது. ரிம்மின் மீது 1.20, 1.40, 1.60 என்று அதன் அகலம் அங்குலத்தில் பொறித்திருக்கும். டயரின் அகலத்தில் பாதிக்குச் சற்று மேலாக ரிம்மின் அகலம் இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 1.20 ரிம் என்பது முப்பது மில்லிமீட்டர்தான். அதில் எண்பது மில்லிமீட்டர் டயரை ஏற்றினால் என்ன ஆகும்? இரண்டு ஓரங்களும் உள்பக்கம் இழுக்கப்பட்டு, நடுப்பகுதி கூரையின் முகடு போல உயர்ந்துவிடும். தரையைத் தொடுவது அந்த முகடு மட்டுமே. அகலத்துக்குக் காசு கொடுத்தவர் ஒல்லியான தடத்தில் ஓடுகிறார். திருப்பத்தில் வண்டி ஒரு பக்கம் திடீரென்று விழுவது போலச் சாயும். நாங்கள் பார்த்த ஒரு வண்டியில் அப்படித்தான் இருந்தது. புது டயர், நடுவில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குத் தேய்ந்து, இரு பக்கமும் முள்முள்ளான ரப்பர் மயிர் கூடப் போகாமல் இருந்தது. ஓட்டிய தம்பி டயர் மட்டம் என்று கடைக்காரரைக் குறை சொன்னார். டயரில் குற்றமில்லை.

ரிம் சரியாக இருந்தாலும் சுற்றிலும் இடம் வேண்டும். வண்டியை நிறுத்தி, டயருக்கும் பொர்க்குக்கும் நடுவே இரு பக்கமும் ஒரு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். பிறகு ஒருவர் கைப்பிடியை அழுத்திப் பொர்க்கை இறக்கட்டும். மட்காட்டின் உள்பக்கம் டயர் தொடுகிறதா என்று மற்றவர் குனிந்து பார்க்கட்டும். காய்ந்த சாலையில் தொடாதது, செம்மண் ஒட்டிய மழைநாளில் தொடும். மட்காட்டுக்கும் டயருக்கும் நடுவில் களிமண் இறுகிச் சக்கரம் நின்றுபோவதைத் தோட்டத்துச் சாலையில் ஓட்டியவர்கள் அறிவார்கள். டியூப்பும் புதிய அளவுக்கு ஏற்றதாக மாற வேண்டும். பழைய சின்ன டியூப்பையே இழுத்துப் போட்டால் அது மெலிந்து, சிறு முள்ளுக்கும் தாங்காது.

ஓட்டும்போது தெரியும் மாற்றங்களும் உண்டு. டயர் அகன்றால், சாயும்போது தரையைத் தொடும் புள்ளி நடுவிலிருந்து பக்கமாக நகர்கிறது. அதே வேகத்தில் அதே வளைவை எடுக்க வண்டியை முன்பைவிடச் சற்று அதிகம் சாய்க்க வேண்டும்; கைப்பிடியும் கனக்கும். சாய்ந்திருக்கும்போது முன்பிரேக் பிடித்தால் வண்டி நிமிர்ந்து, வளைவைவிட்டு வெளியே போகப் பார்க்கும். வேகமானியையும் பாருங்கள். முன்சக்கரத்திலிருந்து கம்பி போகும் வண்டிகளில், 70/90-ஐக் கழற்றி 80/90 போட்டால் சக்கரத்தின் உயரம் ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் கூடுகிறது. முள் 60 காட்டும்போது உண்மையில் நீங்கள் 62-இல் போகிறீர்கள். சிறிய வித்தியாசம்தான், தெரிந்திருப்பது நல்லது.

மழை? இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சாலையில் தேங்கிய தண்ணீரை ஒல்லியான டயர் கத்தியைப் போல வெட்டிக்கொண்டு போகும். அகன்ற டயர் அதிகத் தண்ணீரைத் தள்ள வேண்டியிருக்கிறது. காற்றும் குறைவாக இருந்தால் நீரின்மேல் மிதக்கும் ஆபத்து கூடும். ஏ.எம்.ஜே. நெடுஞ்சாலையில் பிற்பகல் மழையில் வேலை முடிந்து திரும்புகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். செம்பனைக் குலை ஏற்றிய லோரியிலிருந்து சிந்தி நசுங்கிய பழத்தின்மீது ஏறினால் எந்த அகலமும் காப்பாற்றாது. வேகத்தைக் குறைப்பது ஒன்றே வழி.

இப்போது க்ரூஸர் வகை வண்டிகளுக்கு வருவோம். தாழ்ந்த இருக்கை, நீண்டு சாய்ந்த பொர்க், பின்னால் வளைந்த கைப்பிடி உள்ள வண்டிகள் அவை. கெடா மாநிலம் குருணில் மொடெனாஸ் தொழிற்சாலை செய்த ஜாகோ 175 நம் நாட்டுப் பிள்ளை. சென்னையில் செய்யப்பட்டு இங்கே வரும் ராயல் என்ஃபீல்டும் சில வீட்டு வாசல்களில் நிற்கிறது. இவற்றை வைத்திருப்பவர்களுக்குத்தான் அகன்ற முன்டயர் ஆசை அதிகம். 1990-இல் வந்த ஹார்லி ஃபேட் பாய் வண்டியின் பருத்த முன்சக்கரம் எல்லாருடைய கண்ணிலும் நிற்கிறது. ஆனால் கவனியுங்கள்: அந்த வண்டியில் 16 அங்குல அகன்ற ரிம்மும், அதற்கு ஏற்ப விலகி நிற்கும் பொர்க்கும் சேர்ந்தே வந்தன. அதே ஹார்லி நிறுவனம் 21 அங்குல ஒல்லிச் சக்கரத்தோடும் க்ரூஸர் செய்கிறது. ராயல் என்ஃபீல்டின் மீட்டியோர் 350-இல் முன்னால் 100/90-19, பின்னால் 140/70-17. முன்சக்கரம் உயரமாகவும் ஒடுக்கமாகவும் இருப்பது மறதியால் அன்று. சாய்ந்த பொர்க்குள்ள கனமான வண்டி மெதுவாகப் போகும்போதும் இலேசாகத் திரும்ப வேண்டும் என்பதற்காக.

ஆகவே க்ரூஸரில் 100 இருந்த இடத்தில் 110 போடலாமா என்று யோசிப்பவர், ரிம்முக்கு அந்த அளவு ஒத்துவருமா என்று டயர் நிறுவனத்தின் அட்டவணையில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். 130 வேண்டும் என்றால் ரிம், பொர்க், அதைப் பிடிக்கும் தாங்கிகள், மட்காட் எல்லாம் மாற வேண்டும். அது டயர் மாற்றுவதன்று, வண்டியை மாற்றுவது. அப்படி அமைப்பை மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும்; அனுமதியில்லாமல் மாற்றி விபத்து நேர்ந்தால் காப்புறுதிப் பணத்துக்கும் வில்லங்கம் வரலாம். முன்சக்கர டயர் என்று தனியாகக் குறித்ததையே முன்னால் போடுங்கள். பின்டயரையோ கார் டயரையோ முன்னால் மாட்டச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

இதற்கு நேர்மாறான மோகமும் உண்டு. பந்தயம் ஓடும் பிள்ளைகள் இலேசாக இருக்கட்டும் என்று சைக்கிள் டயர் போல மெலிந்ததைப் போடுகிறார்கள். அதைப் பார்த்தால் அகலம் கேட்கும் பிள்ளை எவ்வளவோ மேல்.

கையில் இருக்கும் பணத்தைச் செலவழிக்குமுன் மூன்று காரியம் பாருங்கள். முதலில் காற்று. சிறிய வண்டிகளில் முன்சக்கரத்துக்குப் பெரும்பாலும் 29 பவுண்டு அளவில் இருக்கும். உங்கள் வண்டிக்கு உரியது அதன் கையேட்டிலோ ஒட்டியிருக்கும் தாளிலோ எழுதியிருக்கும். கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது அளவாகாது. பெட்ரோல் நிலையத்தில் வாரம் ஒரு முறை, டயர் சூடேறும் முன், அளந்து பாருங்கள். அடுத்து வயது. பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒரு சிறு வட்டத்தில் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. கடையில் "புதுசு" என்று நீட்டுவதிலும் இதைப் பாருங்கள். பட்டை நன்றாக இருந்தாலும், வெயிலில் கிடந்து இறுகி வெடிப்புக் கண்ட டயர் ஈரத்தில் கண்ணாடி போல வழுக்கும். பிறகு தேய்மானம். பள்ளங்களுக்குள் ஆங்காங்கே ஒரு சிறு மேடு இருக்கும். பட்டை அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் டயரின் காலம் முடிந்தது. "வழுக்குகிறது, அகல டயர் வேண்டும்" என்று வருகிறவர்களில் பலருக்கு, அதே அளவில் நல்ல புது டயர் ஒன்றும் சரியான காற்றுமே போதும்.

மாற்றுவது என்று முடிவானால், அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையைக் காட்டும்படி மாட்டச் சொல்லுங்கள். புது டயரின் மேல் வழவழப்பு இருக்கும். முதல் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மெதுவாகப் போய், வளைவில் அதிகம் சாய்க்காமல் ஓட்டவேண்டும். கழற்றிய பழைய டயரை வீட்டுக் கொல்லையில் போட்டுவைக்காதீர்கள், நேயர்களே. ஒரு மழைக்கு அதில் நிற்கும் தண்ணீரே ஏடிஸ் கொசுவுக்குப் போதும். பட்டறையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்; பூச்செடிக்கு வேண்டும் என்று எடுத்துவந்தால், அடியில் நான்கைந்து ஓட்டை போட்டு மண்ணை நிரப்பிவிடுங்கள்.