யெல்லோஸ்டோன் பகுதியில் டிரவுட் மீன்பிடிப் பருவங்கள்

டிரவுட் என்பது சால்மன் குடும்பத்தைச் சேர்ந்த, குளிர்ந்த தூய நன்னீரில் வாழும் மீன்கள் பலவற்றைக் குறிக்கும் பொதுப்பெயராகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் நீலகிரியின் நீரோடைகளிலும் இம்மீனைக் கொண்டுவந்து விட்டனர். அவலாஞ்சியில் அதற்கான பொரிப்பகம் ஒன்றும் அமைக்கப்பட்டது. எனவே தமிழ்நாட்டு வாசகர் சிலருக்கு இது முற்றிலும் புதிய மீன் அன்று.

மலை ஆறுகளிலும் ஏரிகளிலும் டிரவுட் பிடிப்பதற்கு ஏற்ற காலம் எது என்பதை நாட்காட்டியைவிட நீரின் வெப்பநிலையே முடிவு செய்கின்றது. இக்கட்டுரை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவையும், அதையொட்டி மொன்டானா மாநிலத்தில் ஓடும் ஆறுகளையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகின்றது. 1872 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இப்பூங்காவில் உறைபனி ஏரி, உருகுநீர் ஆறு, வெந்நீர் ஊற்று கலக்கும் ஆறு என மூன்று வகை நீர்நிலைகளும் அருகருகே அமைந்துள்ளன. ஒரே நாளில் இவற்றுள் ஒன்றில் மீன்பிடிப்பு மிகச் சிறப்பாகவும், மற்றொன்றில் முற்றிலும் இயலாததாகவும் இருப்பதுண்டு.

மீன்கள்

இப்பகுதியின் முதன்மையான தாயக டிரவுட் கட்துரோட் ஆகும். தாடையின் அடியில் செந்நிறக் கீறல் இருப்பதால், 'வெட்டுண்ட தொண்டை' எனப் பொருள்படும் இப்பெயர் ஏற்பட்டது. பழுப்பு டிரவுட் ஐரோப்பாவிலிருந்தும், ஓடை டிரவுட், ஏரி டிரவுட் ஆகியவை வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிகளிலிருந்தும், வானவில் டிரவுட் பசிபிக் கடற்கரைப் பக்கத்திலிருந்தும் கொண்டுவரப்பட்டவை. பூங்காவில் அயல் மீன்களை விடும் பணி 1889 இல் தொடங்கியது. அக்காலத்தில் இது நற்செயலாகவே கருதப்பட்டது.

வெப்பநிலையும் ஆக்சிசனும்

டிரவுட் மாறும் வெப்பநிலை கொண்ட உயிரி. அதன் உடல் வெப்பநிலை சுற்றியுள்ள நீரின் வெப்பநிலையை ஒட்டியே அமைகின்றது. ஏறத்தாழ 10 முதல் 16 பாகை செல்சியசு வரையுள்ள நீரில் அது நன்கு இரை தேடுகின்றது. 4 பாகைக்குக் கீழே அதன் வளர்சிதைமாற்றம் மிகவும் மந்தமாகி, இரைக்காக அதிகம் நகர்வதில்லை. 20 பாகையைக் கடந்தால் துன்புறத் தொடங்குகின்றது. 25 பாகையை ஒட்டிய நீர் நீடித்தால் இறக்கவும் நேரிடும்.

இதற்கு வெப்பம் மட்டும் காரணமன்று. கடல்மட்டத்தில் 10 பாகை வெப்பநிலையுள்ள ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 11.3 மில்லிகிராம் ஆக்சிசன் கரைந்திருக்க முடியும். 20 பாகையில் இந்த அளவு 9.1 மில்லிகிராமாகக் குறைகின்றது. வெயிலில் வைத்த சோடா, குளிரூட்டிய சோடாவைவிட விரைவில் வளிமத்தை இழப்பதும் இதே காரணத்தால்தான். யெல்லோஸ்டோன் ஏரி கடல்மட்டத்திலிருந்து 2,357 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு வளியழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதன் நான்கில் மூன்று பங்கே என்பதால், மேற்கண்ட அளவுகள் முறையே 8.5, 6.8 மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடுகின்றன. நீர் சூடாகும்போது மீனுக்குத் தேவைப்படும் ஆக்சிசன் கூடுகின்றது. நீரில் கிடைக்கும் ஆக்சிசனோ குறைகின்றது. இவ்விரு கோடுகளும் ஒன்றையொன்று நெருங்கும் இடமே டிரவுட்டின் எல்லை எனலாம். தூண்டிலுக்கு அடுத்தபடியாக இங்கு மிகவும் பயனுள்ள கருவி ஓர் எளிய வெப்பமானியே ஆகும்.

உருகுநீர்க் காலம்

பூங்காவின் மீன்பிடிப் பருவம் மே மாத இறுதி வாரத்தில் தொடங்குகின்றது. ஆனால் அப்போது பெரும்பாலான ஆறுகளில் மீன்பிடிக்க இயலாது. மலைகளில் குவிந்த பனி உருகி ஆறுகள் பெருக்கெடுத்து, சேறு கலந்து, மரக்கட்டைகளை அடித்துக்கொண்டு ஓடும். பெருக்கு பொதுவாக ஜூன் மாதத்தில் உச்சத்தை எட்டும். வடகிழக்கிலுள்ள லமார் ஆறு எளிதில் அரிக்கப்படும் மண்ணின் வழியே ஓடுவதால் தெளிவதற்கு ஜூலை வரை ஆகும். ஒரு நல்ல மழை பெய்தாலும் அது மீண்டும் கலங்கிவிடும். 2022 ஜூன் 13 அன்று உருகுபனியின் மீது கனமழையும் பெய்ததால் வரலாறு காணாத வெள்ளம் ஏற்பட்டது. பூங்காவின் வடக்கு நுழைவாயிற் சாலை பல இடங்களில் அடித்துச் செல்லப்பட்டு, பூங்கா முழுவதும் மூடப்பட்டது.

வெள்ளத்தை மீன்பிடிப்போர் வெறுத்தாலும் ஆற்றுக்கு அது தேவையானது. அடிக்கூழாங்கற்களின் இடையே படிந்த வண்டலை அது கழுவிச் செல்கின்றது. டிரவுட் முட்டையிடுவது அக்கூழாங்கற்களின் இடையில்தான். மேலும், குளிர்காலத்தில் சேர்ந்த பனியின் அளவே ஆகஸ்டு மாதத்தில் ஆற்றில் எவ்வளவு குளிர்ந்த நீர் இருக்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கின்றது.

ஃபயர்ஹோல் ஆறு

இந்த ஒழுங்குக்கு விதிவிலக்கு ஃபயர்ஹோல் ஆறு. ஓல்ட் ஃபெய்த்ஃபுல் உள்ளிட்ட வெந்நீர் ஊற்றுகளின் நீர் இதில் கலக்கின்றது. பிற ஆறுகள் கலங்கி ஓடும் ஜூன் மாதத்தில் இது ஓரளவு தெளிந்தும் இதமான வெப்பத்துடனும் இருப்பதால், பருவத்தின் தொடக்கத்தில் மீன்பிடிப்போர் இங்கு திரள்கின்றனர்.

ஜூனில் நன்மையாக இருந்த அதே வெந்நீர் ஜூலையில் கேடாகின்றது. அப்போது மீன்கள் லிட்டில் ஃபயர்ஹோல், சென்டினல் ஓடை போன்ற குளிர்ந்த கிளைநீரோடைகளுக்குள் ஒதுங்குகின்றன. அவற்றின் முகத்துவாரங்களில் மீன்கள் நெருக்கமாகக் கூடி நிற்பதைக் கண்டு தூண்டிலிடுவது எளிது. ஆனால் அவை இரைக்காக அன்றி, மூச்சுவிடுவதற்காகவே அங்கு நிற்கின்றன. 2007 ஜூலை மாத வெப்பத்தில் இந்த ஆற்றில் நூற்றுக்கணக்கான டிரவுட்கள் இறந்தன.

கோடைக்காலம்

ஜூன் இறுதியிலிருந்து பூச்சிகளின் காலம் தொடங்குகின்றது. சால்மன் ஈ எனப்படும் பெரிய பூச்சி தன் இளம்பருவத்தில் மூன்று, நான்கு ஆண்டுகளை ஆற்றின் கற்களுக்கடியில் கழிக்கின்றது. நீரின் வெப்பநிலை 12 அல்லது 13 பாகையை எட்டும்போது அது கரையேறிச் சிறகு விரிக்கின்றது. ஆற்றின் கீழ்ப்பகுதி முதலில் வெப்பமடைவதால் இந்த வெளிப்பாடும் நாளுக்கு நாள் ஆற்றில் மேல்நோக்கி நகரும். விரல் நீளத்தை நெருங்கும் இப்பூச்சிகள் நீரில் விழும்போது, வழக்கமாக ஆழத்தில் பதுங்கும் பெரிய மீன்களும் மேற்பரப்புக்கு வருகின்றன. ஆகஸ்டில் லமார் பள்ளத்தாக்கின் புல்வெளிகளிலிருந்து காற்றில் ஆற்றில் வந்து விழும் வெட்டுக்கிளிகள் இந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

வெப்பம் மிகும்போது மொன்டானா மாநிலம் 'ஆந்தைக் கட்டுப்பாடு' ஒன்றை விதிக்கின்றது. நீரின் உச்ச வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாட்களுக்கு 22.8 பாகையை (73 பாகை பாரன்ஹீட்) எட்டுமானால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை அந்த ஆற்றில் மீன்பிடிக்கத் தடை விதிக்கப்படலாம். காட்டுத்தீ அச்சத்தால் கோடையில் விடியற்காலையிலேயே வேலையை முடித்துக்கொண்ட மரவெட்டிகள் அந்நேரத்தில் ஆந்தைகளின் ஒலியைக் கேட்டதால் இப்பெயர் வந்ததாகக் கூறுவர். நீர் மாலைப்பொழுதில் மிகவும் சூடாகவும் விடியலில் மிகவும் குளிர்ந்தும் இருக்கும் என்பதே விதியின் அடிப்படை.

பிடித்த மீனை உயிருடன் விட்டுவிடுவோருக்கு இக்கட்டுப்பாடு எதற்கு என்ற கேள்வி எழக்கூடும். தூண்டிலில் போராடும் மீனின் தசைகளில் லாக்டிக் அமிலம் சேர்கின்றது. அதிலிருந்து மீள அதற்கு ஆக்சிசன் தேவை. குளிர்ந்த நீரில் விடப்பட்ட மீன் சில மணி நேரத்தில் தேறிவிடும். வெந்த நீரில் விடப்பட்டது நீந்திச் செல்வதுபோல் தோன்றினாலும் பின்னர் இறந்துபோகலாம். நீர் 20 பாகையைத் தாண்டினால் தூண்டிலை மடித்துவைப்பதே முறையாகும். 2016 ஆகஸ்டில், குறைந்த நீரோட்டமும் வெப்பமும் சேர்ந்த நிலையில், சிறுநீரகத்தைத் தாக்கும் நுண்ணிய ஒட்டுண்ணி ஒன்றால் மொன்டானாவில் யெல்லோஸ்டோன் ஆற்றின் ஆயிரக்கணக்கான வெள்ளைமீன்கள் மடிந்தன. ஆற்றின் ஏறத்தாழ 295 கிலோமீட்டர் நீளம் எல்லாவகைப் பயன்பாட்டுக்கும் மூடப்பட்டது.

இலையுதிர்காலமும் குளிர்காலமும்

செப்டம்பரில் இரவுக் குளிர் திரும்ப, ஃபயர்ஹோலும் மீண்டும் உயிர்பெறுகின்றது. ஹெப்கென் ஏரியிலிருந்து பெரிய பழுப்பு டிரவுட்கள் முட்டையிடுவதற்காக மாடிசன் ஆற்றில் ஏறிப் பூங்காவுக்குள் வருகின்றன. பெண்மீன் வாலால் கூழாங்கற்களை விலக்கிக் குழியமைத்து முட்டையிடுகின்றது. சுற்றியுள்ள ஆற்றடியைவிட வெளிறித் தெரியும் இத்திட்டுகளை மிதிப்பது முட்டைகளை அழித்துவிடும். 2021 நவம்பர் 30 அன்று ஹெப்கென் அணையின் மதகு உறுப்பு ஒன்று உடைந்ததால் அணைக்குக் கீழே மாடிசன் ஆற்றின் நீர் திடீரெனக் குறைந்து, இத்தகைய முட்டைக்குழிகள் வெளியே தெரிந்தன. உள்ளூர் மக்கள் வாளிகளுடன் இறங்கி, குட்டைகளில் சிக்கிய மீன்களை ஆழமான நீருக்குக் கொண்டு சென்றனர்.

குளிர்காலத்தில் மீன்கள் ஓட்டம் குறைந்த ஆழமான மடுக்களில் அசைவின்றித் தங்குகின்றன.

யெல்லோஸ்டோன் ஏரி

ஏறத்தாழ 350 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த ஏரி டிசம்பர் இறுதியை ஒட்டி உறைந்து, மே இறுதி அல்லது ஜூன் தொடக்கத்தில்தான் உருகுகின்றது. நீர் 4 பாகையில் மிகுந்த அடர்த்தி உடையது. பனி உருகிய பின் மேல்நீர் அவ்வெப்பநிலையை அடையும்போது கீழ்நோக்கி இறங்க, காற்றின் உதவியுடன் ஏரி முழுவதும் கலக்கின்றது. ஆக்சிசன் அடிமட்டம்வரை செல்கின்றது. அப்போது கட்துரோட் கரையோரங்களில் இரை தேடும். கோடை முதிர்ந்ததும் மேலே வெப்பமான அடுக்கும் கீழே குளிர்ந்த அடுக்குமாக நீர் பிரிய, மீன்கள் ஆழத்துக்கு நகர்கின்றன. இலையுதிர்காலத்தில் ஏரி மீண்டும் ஒருமுறை கலக்கின்றது.

மே முதல் ஜூலை வரை ஏரியின் கட்துரோட்கள் முட்டையிடக் கிளையோடைகளில் ஏறுகின்றன. பழுப்புக் கரடி, விரால் அடிப்பான், கூழைக்கடா எனப் பல உயிரினங்கள் இந்த வரவை நம்பியிருந்தன. முட்டையிடும் மீன்களைக் காப்பதற்காக, ஏரியின் வெளிவாயிலிலுள்ள மீன்பிடிப் பாலத்தில் மீன்பிடிப்பது 1973 இல் தடை செய்யப்பட்டது. பாலத்துக்குப் பெயர் மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது.

1994 இல் இவ்வேரியில் ஏரி டிரவுட் இருப்பது கண்டறியப்பட்டது. பூங்காவின் லூயிஸ், ஷொஷோனி ஏரிகளில் 1890 இல் விடப்பட்ட இம்மீன், அனுமதியின்றி யாராலோ இங்கு கொண்டுவரப்பட்டதாகக் கருதப்படுகின்றது. இது கட்துரோட்டை இரையாக்குகின்றது. ஆழத்தில் வாழ்ந்து ஏரிக்குள்ளேயே முட்டையிடுவதால் கரடிக்கோ பறவைக்கோ எட்டுவதுமில்லை. 1978 இல் கிளியர் ஓடையில் 70,000 க்கும் மேற்பட்ட கட்துரோட்கள் ஏறியதாகக் கணக்கிடப்பட்டிருந்தது. 2007 அளவில் அது சில நூறாகக் குறைந்துவிட்டது. நீர்ச்சுழல் நோய் எனப்படும் ஒட்டுண்ணி நோயும் வறட்சியும் இதற்குத் துணைபோயின.

ஏரி உருகியதிலிருந்து அக்டோபர் வரை செவுள்வலைகள் கொண்டு இதுவரை 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஏரி டிரவுட்கள் அகற்றப்பட்டுள்ளன. வானொலி அலைபரப்பி பொருத்திய மீன்களைப் பின்தொடர்ந்து முட்டையிடும் இடங்களும் கண்டறியப்படுகின்றன. அவ்விடங்களில் தாவரப் பொருட்களாலான உருண்டைகள் கொட்டப்படுகின்றன. அவை அழுகும்போது முட்டைகளைச் சுற்றியுள்ள ஆக்சிசன் தீர்ந்து, கருக்கள் இறக்கின்றன. கட்துரோட்டின் எண்ணிக்கை பழைய அளவை எட்டாவிடினும் ஓரளவு மீண்டுவருகின்றது. பூங்காவில் பிடிபடும் கட்துரோட்டை நீரில் விட்டுவிட வேண்டும். யெல்லோஸ்டோன் ஏரியில் பிடிபடும் ஏரி டிரவுட்டை உயிருடன் திரும்ப விடக்கூடாது. எனவே மீனின் அடித்தாடையில் அந்தச் செந்நிறக் கீறல் உள்ளதா என்று பார்க்கத் தெரிந்திருப்பது இங்கு தூண்டிலிடும் எவருக்கும் இன்றியமையாதது.