பாரசூட் விரிந்த பிறகு

ஆகாய விமானத்திலிருந்து குதிப்பவர்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால், நம்மவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "பாரசூட் விரியாமற் போனால் என்ன கதி?" என்பதுதான். கேள்வி நியாயமானதே, ஆயினும் அந்தத் துறையில் ஊறியவர்கள் அதைக் குறித்து அவ்வளவாகக் கலங்குவதில்லை. முதுகில் சுமக்கும் பையில் பிரதான பாரசூட் ஒன்றும், அது மோசம் செய்தால் உதவுவதற்கென்று தேர்ச்சி பெற்றவர் மடித்து வைத்த இரண்டாவது பாரசூட் ஒன்றும் இருக்கின்றன. சிக்கிக்கொண்ட பிரதானத்தை ஒரே இழுப்பில் உதறி எறிவதற்கு, பில் பூத் என்னும் அமெரிக்கர் 1970-களில் கண்டுபிடித்த மூன்று வளைய இணைப்பு இருக்கிறது. குதித்தவர் நினைவிழந்துவிட்டாலும், காற்றின் அழுத்தத்தைக் கொண்டு உயரத்தையும் வேகத்தையும் தானே கணக்கிட்டு இரண்டாவது பாரசூட்டைத் திறந்துவிடும் சிறு கருவியும் இருக்கிறது. அமெரிக்காவில் 1970-களில் இந்த விளையாட்டில் ஆண்டுதோறும் சராசரியாக 40 பேருக்கு மேல் மாண்டார்கள். 2023-இல் அங்கே நடந்த சுமார் 36.5 லட்சம் குதிப்புகளில் மாண்டவர்கள் 10 பேர். இவ்வளவு பந்தோபஸ்து ஏற்பட்ட பிறகும் எஞ்சி நிற்கும் மரணங்களை ஆராய்ந்தவர்கள் கண்ட விஷயந்தான் விசித்திரமானது. அவற்றில் கணிசமான பகுதி, ஒரு குறையுமில்லாமல் முழுமையாக விரிந்த பாரசூட்டின் கீழே, தரைக்குச் சில நூறு அடி உயரத்துக்குள் நேர்ந்தவை.

உயிரைக் காப்பதற்கென்றே பிறந்த சாதனம் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே உயிருக்கு உலை வைப்பது எப்படி என்று விளங்க வேண்டுமானால், அந்தச் சாதனம் நம் மனத்திலுள்ள பழைய குடை உருவத்தை விட்டு எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதைப் பார்க்க வேண்டும்.

1797-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் தேதி, பாரிஸ் நகரத்து மான்ஸோ பூங்காவின் மேலே பலூனில் ஏறிச் சென்ற கார்னரென் என்பவர், சுமார் 3,000 அடி உயரத்தில் பலூனின் தொடர்பை அறுத்துக்கொண்டு, பட்டுத் துணியின் கீழே தொங்கிய கூடையில் நின்றவாறு இறங்கியபோது, உள்ளே அடைபட்ட காற்று ஒருமுறை இப்புற விளிம்பிலும் மறுமுறை அப்புற விளிம்பிலுமாக வழிந்ததனால் கூடை பயங்கரமாக ஊசலாட, மனிதர் குமட்டலோடுதான் பூமியைச் சேர்ந்தார். உச்சியில் ஒரு துவாரம் வைத்தால் காற்று ஒழுங்காக வெளியேறும் என்று வானசாஸ்திரியாகிய லாலாண்ட் யோசனை கூறினாராம். அந்தத் துவாரம் பிற்காலத்து வட்டப் பாரசூட்டுகளில் நிலைத்துவிட்டது. அதன் பின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக, இரண்டு உலக யுத்தங்கள் வந்து போன பின்பும்கூட, பாரசூட் என்பது காற்றைத் தடுத்து வீழ்ச்சியைத் தாமதப்படுத்தும் துணியாகவே பெரும்பாலும் இருந்துவந்தது. காற்று கொண்டுபோய் விட்ட இடத்தில் இறங்க வேண்டியதுதான். அது வயலா, மரக்கிளையா, கூரையா என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

இந்த நிலைமையை மாற்றியவர் பட்டம் செய்கிற ஒருவர் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. கனடாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த டொமினா ஜால்பெர்ட், பட்டங்களும் பலூன்களும் செய்து பிழைத்தவர். தம் விமானத்தின் இறக்கையை அளந்து பார்த்து, அதே வடிவத்தை வெறுந்துணியில் தைத்தால் என்ன என்று எண்ணினார் என்பர். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, இடையே இறக்கையின் குறுக்குவெட்டு வடிவில் வெட்டிய தடுப்புகள், பின்புறம் மூடல், முன்புறம் திறந்த வாய். காற்றுக்கு எதிரே வாயை விரித்துப் பிடித்த தலையணை உறை எப்படி உப்பி விறைக்குமோ, அப்படியே இந்தத் துணியறைகள் ஒவ்வொன்றும் எதிர்க்காற்றை விழுங்கி விறைத்து, சட்டமோ கம்பியோ இல்லாமல், இறக்கையாகவே ஆகிவிடுகின்றன. 1966-இல் அவருக்கு இதற்கான காப்புரிமை கிடைத்தது. இப்படிப்பட்ட பாரசூட் ஓரடி இறங்குவதற்குள் இரண்டரை, மூன்றடி முன்னே செல்லும். இடப்பிடியை இழுத்தால் இடப்புறமும், வலப்பிடியை இழுத்தால் வலப்புறமும் திரும்பும். தரைக்கு அருகில் இரண்டையும் சேர்த்து இழுத்தால் வேகம் தணிந்து, படியிறங்குவது போல இறங்கலாம்.

ஒரு சங்கடம் மாத்திரம் இருந்தது. இந்த இறக்கை விரிகிறபோது ஒரே க்ஷணத்தில் விரிந்து, குதித்தவரின் எலும்பை உலுக்கிவிடும். அதற்குப் பலவிதமான யுக்திகளைச் செய்து பார்த்த பிறகு நிலைத்தது மிக எளிய ஒன்று: நான்கு மூலைகளிலும் வளையம் பதித்த ஒரு சிறு செவ்வகத் துணி. தொங்கும் நூல்களெல்லாம் நான்கு கற்றைகளாக அந்த வளையங்களின் வழியே வருகின்றன. விரியும்போது இந்தத் துண்டு மேலேயிருந்து காற்றை எதிர்த்துக்கொண்டு மெல்ல மெல்லக் கீழே வழுக்கி வருவதால், இறக்கையும் மெல்ல மெல்லவே விரிய வேண்டியதாகிறது. ஸ்லைடர் என்று பெயர். இந்தத் துறையில் நான் அறிந்த கண்டுபிடிப்புகளில் இதற்கே முதற்பரிசு கொடுப்பேன். ஆனால், பின்னால் சொல்லப்போகும் பந்தயங்களில் இறங்கும் இன்றைய போட்டியாளர்கள், விரித்த வேலை முடிந்ததும் அதே ஸ்லைடரை நடுவானில் கழற்றி எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொள்கிறார்கள். தலைக்குப் பின்னால் அது படபடப்பதனால் உண்டாகும் காற்றுத் தடை அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

மேலே விரிந்து நிற்கும் துணிக்குக் கேனோபி என்பது தொழில்வழக்கு. நாம் விதானம் என்று வைத்துக்கொள்வோம். 1980-களின் பிற்பகுதியில், காற்றைச் சிறிதும் கசியவிடாதபடி சிலிக்கோன் பூசிய நைலான் துணி வந்தது. தொங்கும் நூல்கள் மெல்லியனவாயின. விதானத்தின் ஓரங்கள் குறுகி நீள்வட்டமாயின. அறைகளுக்குள்ளே மூலைவிட்டமாகக் குறுக்குத் துணிகளைத் தைத்து, 7 அறைகளை 21 சிற்றறைகளாக்கி, மேற்பரப்பு மேடுபள்ளமில்லாமல் நிற்கும்படி செய்தார்கள். விதானம் இவ்விதம் திடமாகவே, அதைச் சிறியதாக்கும் துணிவும் வந்தது. இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். உடையும் பையும் சேர்த்து 210 பவுண்டு எடையுள்ள ஒருவர், 210 சதுர அடி விதானத்தில் தொங்கினால், ஒவ்வொரு சதுர அடியும் ஒரு பவுண்டைச் சுமக்கிறது. புதிதாகக் கற்பவர்களுக்கு ஏற்ற சுமை அதுவோ, அதனினும் குறைவோதான். அதே மனிதர் 70 சதுர அடி விதானத்துக்கு மாறினால் சுமை மும்மடங்காகிறது. வேகமோ சுமையின் வர்க்கமூலத்தை ஒட்டி ஏறுவதால் ஏறக்குறைய 1.7 மடங்காகிறது. வேகம் ஏறுவதைவிடப் பெரிய மாறுதல், விதானத்தின் சுபாவம் மாறிவிடுவது. பெரிய விதானம் சொன்ன சொல்லை யோசித்துக் கேட்கும். சிறிய விதானமோ, இடுப்பைச் சற்றே சாய்த்தாலும் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு திரும்பிவிடும்.

இத்தகைய விதானங்களைக் கொண்டு நடப்பதுதான் கேனோபி பைலட்டிங் என்னும் போட்டி. சாதாரணமாகக் குதிப்பவர் 13,000 அடி உயரத்தில் விமானத்தை விட்டு, மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நிமிஷம் வீழ்ந்து, பிறகு பாரசூட்டை விரிப்பார். அவருக்கு வீழ்ச்சிதான் விருந்து, விதானம் வீட்டுக்குத் திரும்பும் வண்டி. இந்தப் போட்டியாளர்களுக்கு அது தலைகீழ். சுமார் 5,000 அடியிலேயே வெளியேறி, உடனே விதானத்தை விரித்து, மைதானத்துக்குப் பக்கத்தில் ஓரிடத்தை மனத்தில் குறித்துக்கொண்டு, ஆயிரம் அடியை ஒட்டிய உயரத்தில் அவர்கள் தங்கள் வேலையைத் தொடங்குகிறார்கள்.

தோளுக்கு மேலே, நூல்களையெல்லாம் தாங்கி நிற்கும் பட்டைகள் நான்கு உண்டு. ரைசர் என்பது அவற்றின் பெயர். முன்பட்டைகள் இரண்டையும் பலங்கொண்டு இழுத்தால் விதானத்தின் மூக்கு கவிழ்ந்து வேகம் பிறக்கிறது. ஒன்றை விட்டுக்கொடுத்து உடம்பை ஒரு பக்கம் சாய்த்தால் அது சுற்றத் தொடங்குகிறது. முக்கால் வட்டமோ, 450 டிகிரியோ, 630 டிகிரியோ அது சுற்றிக்கொண்டே பூமியை நோக்கிப் பாய்கையில், சுழற்சியின் விசையால் மனிதர் வெளியே வீசப்பட்டு, விதானமும் அவரும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்குமளவுக்குச் சாய்ந்துவிட, அந்த விசையே விதானத்தின் மேல் இன்னும் சுமையை ஏற்றி, வேகத்தின் மேல் வேகத்தைக் கூட்டுகிறது. சுற்று முடிந்ததும் அவர் மறுபடியும் விதானத்தின் அடியில் வந்து சேர, இறக்கை தானாகவே வளைந்து நிமிரத் தொடங்குகிறது. அந்த வளைவின் கடைசிப் புள்ளியும் தரைமட்டமும் ஒன்றாகும்படி, ஆயிரம் அடிக்கு மேலே இருக்கும்போதே கணக்கிட்டிருக்க வேண்டும். கணக்குச் சரியானால், கீழ்நோக்கிய வேகமெல்லாம் முன்னோக்கிய வேகமாக மாறி, அவர் நீரின் மேலே கால்விரல் படும் உயரத்தில் பறந்து செல்கிறார். ஸ்வூப் என்று இதற்குப் பெயர்.

பந்தயத்தின் நுழைவாயில் 10 மீட்டர் அகலம். இருபுறமும் நிற்கும் அடையாளங்கள் ஒன்றரை மீட்டர் உயரம். அந்த உயரத்துக்குள் உடம்பின் ஒரு பகுதியாவது வந்தாக வேண்டும். மேலே போனால் சைபர். பெரும்பாலும் ஆழமற்ற ஒரு குளத்தை வெட்டி, அதன் மேலேதான் வாயிலை அமைப்பார்கள். தவறினால் நீர் சற்றேனும் மன்னிக்கும் என்ற எண்ணந்தான். வேகப் போட்டியில், வளைந்து செல்லும் 70 மீட்டர் பாதையை, முன்னணியில் இருப்பவர்கள் 2 வினாடிக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் கடக்கிறார்கள். கணக்கிட்டால் மணிக்கு 120 கிலோமீட்டரை ஒட்டி வரும். தூரப் போட்டியில் அதே வேகத்தைச் சிக்கனமாகச் செலவழித்து, முதலில் பின்பட்டைகளாலும், வேகம் குறைந்த பிறகு கைப்பிடிகளாலும் விதானத்தைத் தாங்கி, 200 மீட்டரையும் கடந்தவர்கள் உண்டு.

இனி, தொடக்கத்தில் சொன்ன மரணங்களுக்கு வருவோம். அந்த வேகத்தில் கணக்கு ஒரு வினாடி பிசகினாலும் வளைவின் கடைசிப் புள்ளி தரைக்குக் கீழே போய்விடும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. தேர்ந்தவர்களும் இதனால் மாண்டிருக்கிறார்கள். ஆனால் ஸ்வூப் செய்யும் எண்ணமே இல்லாதவரும் இதே விதத்தில் மாள்வதுண்டு என்பதுதான் கவனிக்க வேண்டியது. இறங்கப்போகும் இடத்தில் திடீரென்று ஒரு வேலியைக் கண்டு, நூறடி உயரத்தில் ஒரு பிடியை மாத்திரம் வேகமாக இழுத்துவிடுகிறார். விதானம் தன் இயற்கைப்படி சுற்றிப் பாய்கிறது. நிமிர்வதற்கு வேண்டிய உயரம் இல்லை. வல்லுநர் ஆயிரம் அடியில் ஆசைப்பட்டுச் செய்வதைப் பழகாதவர் நூறடியில் பயந்து செய்துவிடுகிறார். சிறிய விதானத்துக்கு அவசரப்பட்டு மாறாதீர்கள் என்று ஆசிரியர்கள் ஓயாமல் தலையில் அடித்துக்கொள்வது இதனால்தான்.

முன்னே குறிப்பிட்ட பில் பூத், சாதனங்கள் பத்திரமாக ஆக ஆக, குதிப்பவர்கள் அந்த அளவுக்கு அதிக அபாயத்தைத் தேடிச் சென்று மரண விகிதத்தை மாறாமல் வைத்துக்கொள்வார்கள் என்று, பாதி வேடிக்கையாக ஒரு விதி வகுத்திருக்கிறார். நாற்பதுக்கு மேலிருந்த எண்ணிக்கை பத்தாகக் குறைந்திருப்பதைப் பார்த்தால் அவர் விதி முழுவதும் பலிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். ஆனால் அபாயம் மேலே விரியாத பாரசூட்டை விட்டுக் கீழே விரிந்த பாரசூட்டுக்குக் குடிபெயர்ந்தது என்ற அளவில் அவர் தீர்க்கதரிசிதான். இதற்கு ஒரு வேடிக்கையான சாட்சியம், 1991-இல் ஜெர்மனியின் ஏர்டெக் நிறுவனம் வெளியிட்ட சைப்ரஸ் என்னும் தானியங்கிக் கருவி. தரைக்கு 225 மீட்டர் உயரத்தில், மணிக்கு 126 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஒருவர் இறங்கிக்கொண்டிருந்தால் அவர் பாரசூட் விரியாமல் வீழ்கிறார் என்று முடிவு செய்து, அது இரண்டாவது பாரசூட்டைத் திறந்துவிடும். ஸ்வூப் செய்பவர்களோ முழுதும் விரிந்த விதானத்தின் கீழேயே அந்த வேகத்தை எட்டிவிட்டார்கள். உயிர் காக்க வந்த கருவி அவர்களுக்கு எமனாகிவிடாதபடி, இன்னும் அதிக வேகத்தில் மட்டுமே இயங்கும் தனி ரகம் ஒன்றை அந்நிறுவனம் செய்ய வேண்டியதாயிற்று.

கேனோபி பைலட்டிங்கின் முதலாவது உலகச் சாம்பியன் போட்டி 2006-இல் வியன்னாவில் நடந்தது. 2009-இல் தைவானின் காவ்சியுங் நகரத்தில் நடந்த உலக விளையாட்டு விழாவிலும் இதற்கு இடம் கிடைத்தது. கனடாவின் ஜே மொலெட்ஸ்கி, ருமேனியாவில் பிறந்து ஐக்கிய அரபு அமீரகத்தின் சார்பில் ஆண்களோடு ஒரே களத்தில் போட்டியிடும் கார்னீலியா மிஹாய் முதலியோர் இதில் பெயர் பெற்றவர்கள். உடல் எடை குறைந்தவர்கள் ஈயம் நிரப்பிய கச்சையை அணிந்து சுமையைக் கூட்டிக்கொள்வதுண்டு. இந்த விளையாட்டில் மெலிந்திருப்பது ஒரு குறை.

அண்மைக் காலத்தில் ஃப்ரீஸ்டைல் என்னும் பிரிவு ஜனங்களைக் கவர்ந்திருக்கிறது. கோபன்ஹேகன் நகரத்தின் நடுவிலுள்ள ஏரிகளில், கரையெல்லாம் கூட்டம் கூடி நிற்க, நீரைக் கிழித்துக்கொண்டே உடம்பைத் திருப்பியும் கவிழ்த்தும் வித்தை காட்டுகிறார்கள். நடுவர்கள் அழகுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆயினும், நீரின் மேல் வரிசையாக நிற்கும் வாயில்கள் ஒவ்வொன்றிலும் காலால் தண்ணீரைத் தொட்டுக் கோடிழுத்து, கரையேறியதும் குறித்த சிறு சதுரத்துக்குள் விழாமல் நின்று காட்ட வேண்டிய ஸோன் அக்யுரஸி என்னும் போட்டியே எனக்கு மேலாகத் தோன்றுகிறது. மற்றவை வேகத்தை உண்டாக்கும் திறமையைக் காட்டுகின்றன. இதில் உண்டாக்கிய வேகம் முழுவதையும், ஒரு துளி மிச்சமில்லாமல், சொன்ன இடத்தில் செலவழித்துத் தீர்க்க வேண்டும். டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்ப்பதானால் நான் அதைத்தான் பார்ப்பேன்.