நீரிழிவுத் தடுப்பில் மேல்மரபியல்

எபிஜெனெட்டிக்ஸ் எனப்படும் மேல்மரபியல், மரபணுக்களின் எழுத்து வரிசை மாறாமலேயே அவற்றின் செயல்பாடு கூடுவதையும் குறைவதையும் ஆராயும் அறிவியல் துறை ஆகும். இரண்டாம் வகை நீரிழிவு வரக்கூடியவர்களை முன்கூட்டியே கண்டறிய இத்துறை உதவக்கூடும்.

அடிப்படை

டி.என்.ஏ. இழையில் மெத்தைல் என்னும் சிறு வேதித் தொகுதி ஒட்டிக்கொள்வது மெத்தைலேற்றம் எனப்படும். மரபணுவின் தொடக்கப் பகுதியில் இது மிகுந்தால், பெரும்பாலும் அம்மரபணுவின் செயல்பாடு குறையும். வயது, உடல் எடை, புகைபிடித்தல் போன்றவற்றால் இந்த அடையாளங்கள் மாறுகின்றன.

கருவறையில் பதியும் தடயம்

1944-45 குளிர்காலத்தில் செருமானியப் படையினர் உணவு வரத்தைத் தடுத்ததால், நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் கடும் பஞ்சம் ஏற்பட்டது. ஒருவருக்கான அன்றாட உணவுப் பங்கீடு 1,000 கலோரிக்கும் கீழே சென்றது. அப்போது தாயின் கருவில் இருந்தவர்களை ஏறத்தாழ 50 வயதில் சோதித்தபோது, குளுக்கோசைக் கையாளும் திறன் அவர்களிடம் குறைந்திருந்தது. பஞ்ச காலத்தில் கருவாகிப் பிறந்தவர்களின் ஐ.ஜி.எஃப்.2 மரபணுவில், பஞ்சத்துக்கு ஆளாகாத உடன்பிறந்தோரைவிட மெத்தைலேற்றம் குறைவு என்று 2008 இல் வெளியான ஆய்வு காட்டியது. அறுபது ஆண்டுகள் கழிந்தும் அந்தத் தடயம் அழியவில்லை.

மக்களிடையே ஒப்பீடு

இலண்டனில் வாழும் இந்திய வம்சாவளியினரையும் ஐரோப்பியரையும் ஒப்பிட்ட ஆய்வு 2015 இல் வெளியானது. டி.எக்ஸ்.என்.ஐ.பி., ஏ.பி.சி.ஜி.1 உள்ளிட்ட ஐந்து மரபணு இடங்களின் மெத்தைலேற்றம், பின்னாளில் நீரிழிவு வருவதோடு தொடர்புடையதாக இருந்தது. இவற்றைச் சேர்த்துக் கணித்த இடர் மதிப்பெண், நோய் இல்லாத நிலையிலேயே இந்திய வம்சாவளியினரிடம் கூடுதலாகக் காணப்பட்டது.

வரம்புகள்

தொடர்பு இருப்பதாலேயே அது நோய்க்குக் காரணம் ஆகிவிடாது. சில அடையாளங்கள், உயர்ந்த சர்க்கரையின் விளைவாகவும் தோன்றலாம். இரத்தத்தில் காணும் மாற்றம் கணையத்திலும் கல்லீரலிலும் அப்படியே இருக்கும் என்றும் கூற முடியாது. ஒரு மக்களிடம் உருவாக்கிய மதிப்பெண்ணை மற்றொரு மக்களிடம் சரிபார்த்த பின்னரே பயன்படுத்த வேண்டும்.

தடுப்பில் பயன்

இந்தியாவில் 13.6 கோடிப் பேர் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் உள்ளதாக 2023 இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது. இவர்களுள் யாருக்கு முதலில் உதவி தேவை என்று தெரிந்துகொள்ள இந்த அடையாளங்கள் பயன்படலாம். ஆனால் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. சென்னை ஆய்வாளர்கள் 531 பேரிடம் நடத்தி 2006 இல் வெளியிட்ட ஆய்வில், உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் நீரிழிவு வரும் வாய்ப்பை 28.5 விழுக்காடு குறைத்தன. அவர்களைத் தேர்ந்தெடுக்க வழக்கமான குளுக்கோசு சோதனையே போதுமானதாக இருந்தது. நெதர்லாந்துப் பஞ்சம் உணர்த்துவதுபோல், கருவுறும் முன்பே பெண்களுக்கு நல்ல உணவு கிடைக்கச் செய்வதும் நீரிழிவுத் தடுப்பின் ஒரு பகுதியே ஆகும்.